மலையில் ஓடும் பழைய டீசல் பிக்கப்: ஸ்கிராப் சாமான் மாட்டிய பிறகு வரும் கோளாறுகள், அறிகுறிப்படி

மேட்டுப்பாளையத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் சொல்ல முடியாத சாமான், பர்லியார் தாண்டிக் குன்னூர் ஏறியதும் முரண்டு பிடிக்கும். உடனே பழைய இரும்புக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று போனை எடுக்காதீர்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2240. அடிவாரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 730 மில்லிமீட்டர் பாதரசம், மேலே 580. ஒரே வண்டி, ஒரே காலை, ஒரு லோடு ஏறி முடிப்பதற்குள் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. என்ஜினோடு இது நிற்பதில்லை, கால் அழுத்தத்துக்குத் துணை சேர்க்கிற பிரேக் பூஸ்டரையும் ரேடியேட்டரையும்கூடப் பிடிக்கிறது. கீழே இருக்கிற பட்டறைக்காரர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

நான் கேத்தி பக்கத்திலிருந்து கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன். பழைய டீசல் பிக்கப். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ, ஐந்து கியர் பெட்டி, பெரிய பூஸ்டர், பவர் ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றாகக் கோவை உக்கடத்திலிருந்தும், ஒரு தடவை சென்னை புதுப்பேட்டையிலிருந்தும் பிடித்து வந்து மாட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் அடங்கியது. ரோட்டோரம் நிற்கிறவனுக்கு எந்த சாமான் போச்சு என்று தெரியாது, வண்டி என்ன செய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் கீழே எல்லாமே அறிகுறிப்படி. எதற்கும் முதலில் கடைசியாக எதைத் தொட்டோம் என்று நினைத்துப் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேயே கிடக்கும்.

பிரேக் மிதி கல் மாதிரி இருக்கிறது

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

பூஸ்டர் வேலை செய்ய வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், வேண்டும். பெட்ரோல் வண்டி மாதிரி டீசலில் என்ஜின் உறிஞ்சும் பக்கத்தில் அது கிடைக்காது, அதற்குத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். நம் பக்கத்துப் பழைய பிக்கப்களில் பெரும்பாலும் அது டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். சோதனை எளிது. என்ஜினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து தடவை அழுத்துங்கள், கல் மாதிரி ஆகிவிடும். காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி தானாக ஓர் அங்குலமாவது கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வு, பூஸ்டர் இந்த நாலில் ஒன்று.

இங்கேதான் நான் மூன்று பம்ப் வாங்கிக் கெட்டேன். மேலே ஊட்டியில் ஒரு பட்டறையில் வேக்கம் கேஜ் வைத்துப் பார்த்தபோது 500 மில்லிமீட்டர் காட்டியது. "பம்ப் போச்சுண்ணா, நல்ல பம்புன்னா 600க்கு மேல காட்டணும்" என்றார் அந்தத் தம்பி. நானும் கோவை போய் இன்னொன்று வாங்கி வந்தேன், 490. மூன்றாவது, 510. கோபத்தில் கேஜையும் மூன்று பம்பையும் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ஒரு டயர் கடை நிழலில் வண்டியை நிறுத்தி, அப்போது மாட்டியிருந்த மூன்றாவதை அளந்தேன். 650. கழற்றி மற்ற இரண்டையும் மாட்டிப் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான். மூன்றும் நல்ல பம்ப்! ஊட்டியில் காற்றே 580 தான் இருக்கிறது, அதில் 600 வேக்கம் எந்தப் பம்பும் இழுக்க முடியாது. இருக்கிற காற்றில் பத்தில் எட்டரைப் பங்கு இழுத்தால் அந்த வயதுக்கு அது நல்ல பம்ப் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் அளந்தால் உச்சவரம்பு 605 சுற்றி இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

உண்மையான கோளாறு ஹோஸில் இருந்தது. வேக்கம் ஹோஸ் கிழிந்துபோனதால் அவசரத்துக்கு டீசல் ஹோஸ் ஒன்றை வெட்டி மாட்டியிருந்தேன். சுவர் மெல்லிசு. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக நிற்கும். என்ஜின் சூட்டில் இளகியதும் வளைவுகிட்ட உள்ளே ஒட்டிக்கொண்டு பூஸ்டருக்குப் போகிற வழியை அடைத்துவிடும். வண்டி நிற்கும்போது கையால் தடவிப் பார்த்தேன், அந்த இடம் மட்டும் நசுங்கின ஸ்ட்ரா மாதிரி தட்டையாக இருந்தது. தடித்த சுவருள்ள வேக்கம் ஹோஸ் புதிதாக வாங்கிப் போட்டதும் சரியானது.

ஒருவழி வால்வைப் பார்க்க, என்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மிதியை அழுத்துங்கள். முதல் மிதி மெத்தென்று போக வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் வேக்கம் எங்கோ கசிகிறது. பழைய பூஸ்டரோடு வருகிற வால்வு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கும், அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஊட்டியில் மிதி கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருக்கும். பூஸ்டர் உதவுவது வெளிக்காற்றின் அழுத்தத்தால், அதுவே குறைவு. பெரிய பூஸ்டர் தேடுவதற்கு அதுதான் காரணம். ஆனால் பெரிய பூஸ்டரோடு, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் பெரிய துளையுள்ளதாகச் சேர்த்து மாட்டினால் கிடைத்த லாபத்தைத் திரும்பக் கொடுத்த மாதிரிதான், துளை பெரிசானால் மிதி அழுத்தமாகும்.

நாலைந்து வளைவு தாண்டினால் பிரேக் தானாகப் பிடிக்கிறது

பூஸ்டர் மாற்றிய பிறகு இது வந்தால் முதல் சந்தேகம் பூஸ்டருக்குள்ளிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிற கம்பி மீது. வேறு வண்டியின் பூஸ்டரில் அந்தக் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே போதும், மாஸ்டர் சிலிண்டர் முழுதாகப் பின்னால் வராது, சூடான ஆயில் திரும்பிப் போகிற சின்ன ஓட்டை மூடியே இருக்கும், பிரேக் மெல்ல மெல்ல இறுகும். பிடித்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். அது அரை மில்லி முன்னால் நகர்ந்ததும் சக்கரம் விடுபட்டால் கம்பிதான் குற்றவாளி. கம்பி நுனியில் திருகு இருந்தால் அதைக் குறைக்கலாம். வாஷர் கொடுத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இறங்கும்போது மிதி ஆழமாகப் போகிறது, எரிந்த வாசனை

உடனே ஓரங்கட்டுங்கள். வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கொதிக்கிற டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றாமல் அரை மணி நேரம் விடுங்கள். வாசனை மட்டும் வந்து மிதி உயரம் மாறாமல் இருந்தால் லைனிங் சூடாகியிருக்கிறது. மிதி பஞ்சு மாதிரி ஆழமாகப் போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், காற்றிலிருந்து ஈரம் குடித்த பிறகு 140 வரை இறங்கிவிடும். நம் ஊர் மூடுபனியில் ஈரத்துக்கா பஞ்சம். வருடம் ஒரு தடவை முழுதாக மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் நான் பழசு வாங்குவது டிரம், பூஸ்டர் கூடு, பிராக்கெட் மட்டும். டிரம்மையும் உள்விட்டம் அளந்து, அதில் எழுதியிருக்கிற எல்லைக்குள் இருந்தால்தான் எடுப்பேன். ரப்பர், ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், லைனிங் எல்லாம் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் பழசு வேண்டாம். டர்போ போட்டு ஏறும் வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டவர்கள் இந்த ரோட்டில் நிறைய. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை டர்போ வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

காலையில் எடுக்க மாட்டேன் என்கிறது

டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாளில் இது எல்லா வண்டிக்கும் வரும். சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வெள்ளைப் புகை என்றால் உங்கள் என்ஜின் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். பழைய மஹிந்திரா ஜீப்புகளில் வந்த எக்ஸ்.டி.3.பி. என்ஜின், பெஜோ வழி வந்தது, 2498 சி.சி., முன்னறை வைத்த வகை. அதற்கு ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் விடியாது. இன்னொன்று டி.ஐ. வகை, 2523 சி.சி., டீசலை நேராக பிஸ்டன் மேலேயே தெளிக்கும், அதற்கு செல்ஃப் வேகமாகச் சுற்றினாலே போதும். ஹீட்டர் பிளக்கை மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் இருந்தால் உயிர் இருக்கிறது, முடிவிலி காட்டினால் செத்தது. ஸ்கிராப்பில் கிடைத்த பிளக்கில் வோல்ட் எழுத்தைப் படிக்காமல் மாட்டாதீர்கள், 6 வோல்ட் பிளக்குக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் நொடியில் எரிந்துவிடும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, பேட்டரி புதுசு என்றால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் முளையில், இன்னொன்று என்ஜின் பிளாக்கில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது அல்லது என்ஜினை இறக்கி ஏற்றியபோது யாரோ மாட்ட மறந்துவிட்டார்கள். நான் பார்த்த இரண்டு வண்டியில் மறந்தேதான் போயிருந்தார்கள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக எர்த் ஓடிக் கேபிள் உறை கருகியிருந்தது.

புகையே இல்லை, ஆனால் கை பம்பை இருபது தடவை அடித்தால் எடுத்துக்கொள்கிறது என்றால் ராத்திரியில் எங்கோ காற்று பிடிக்கிறது. மலையில் இதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. ஒரு நாள் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், மறுநாள் இறக்கத்தைப் பார்க்க. மேட்டைப் பார்த்த நாளில் மட்டும் தகராறு செய்தால் டீசல் டாங்குக்குத் திரும்ப வழிந்துவிடுகிறது, அதாவது வழியில் காற்று நுழைகிறது. ஃபில்டர் மண்டையின் செப்பு வாஷரைப் புதிதாகப் போட்டால் பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

ஏற்றத்தில் கறும்புகை, இழுவை இல்லை

காற்று போதவில்லை, டீசல் அதிகம். கீழே ட்யூன் செய்த டீசல் பம்ப் மேலே வந்தால் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும், டர்போ இல்லாத வண்டிக்கு அது விதி. திடீரென்று அதிகமானால் முதலில் ஏர் ஃபில்டர். டர்போ வண்டியானால் டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸில் சோப்புத் தண்ணீர் தடவி ஒருவரை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள், கிளாம்ப் தளர்ந்த இடத்தில் நுரை கிளம்பும்.

டீசலைத் தெளிக்கிற நாசிலை மாற்றிய பிறகு புகை என்றால் வகை மாறிப்போயிருக்கலாம். முன்னறை என்ஜினின் நாசில் சுமார் 120 பாரில் திறக்கும், டி.ஐ. நாசில் 200க்கு மேல், அதன் நுனியில் பல பொடி ஓட்டைகள் இருக்கும். இரண்டும் ஒரே குவியலில்தான் கடையில் கிடக்கும். பம்பின் சீலை உடைத்துத் திருகைத் திருப்புகிற வேலையை ரோட்டோரம் செய்யாதீர்கள், பம்ப் செட்டிங் கடைக்குப் போகட்டும்.

டர்போ மாட்டியதும் நீலப்புகை

டர்போ வாங்கும்போது விசிறியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லேசாக ஆடும், கூட்டில் உரசக் கூடாது. உள்ளே வெளியே தள்ளி இழுத்தால் கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆட்டம் இல்லாத டர்போவிலும் நீலப்புகை வருகிறதா? எண்ணெய் இறங்குகிற குழாயைப் பாருங்கள். அது பெரிய விட்டத்தில், மடிப்பில்லாமல், நேராகக் கீழே சம்புக்கு, அதாவது என்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு, இறங்க வேண்டும். எனக்கு எக்ஸாஸ்ட் இடித்ததால் குழாயை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். எண்ணெய் தேங்கி சீல் வழியாக வெளியே வந்தது, டர்போ மேல் ஒரு குறையும் இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் நல்ல டர்போவே எண்ணெயை உறிஞ்சும். புதிதாக மாட்டியதும் நிறுத்து கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்ணெய் அழுத்த விளக்கு அணைகிறவரை செல்ஃப் அடியுங்கள், அதன் பிறகுதான் ஸ்டார்ட். ஏறி வந்து நின்றதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள்.

இன்னொன்று. டர்போ இல்லாத என்ஜினின் பிஸ்டனைத் தொடாமல் மேலே டர்போ மட்டும் போட்டு டீசலையும் கூட்டுகிறவர்களுக்கு: அந்த பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிரவைக்கிற குழாய் பெரும்பாலும் இருக்காது. டீசலைக் கூட்டாமல் இருந்தால் டர்போ மலையின் காற்றுக்குறையை ஈடுகட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹீட் ஆகிறது

ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடேறிய தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட் திறப்பதே 82 வாக்கில். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் உங்களுக்கு மிச்சம் பத்து டிகிரிதான். 0.9 பார் மூடி ஒழுங்காக இருந்தால் கொதிநிலை 115 வரை போகும். அதனால் ரேடியேட்டர் பழசாக இருக்கலாம், மூடி புதுசாக இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது இங்கே ஒரு பழக்கம். கீழே பரவாயில்லை என்று தோன்றும், மேலே குளிரில் என்ஜின் சூடே ஏறாமல் ஓடி டீசலைக் குடிக்கும், சிலிண்டரும் தேயும். அப்புறம், ரேடியேட்டர் மாற்றியவர்கள் விசிறியைச் சுற்றியுள்ள கூட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அது இல்லாமல் முதல் கியரில் ஏறும்போது காற்று ரேடியேட்டர் வலைக்குள் போகாமல் ஓரமாகத்தான் போகும். ஆறிய என்ஜினை எடுத்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகி ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, வேறு எதையும் தேட வேண்டாம்.

இறக்கத்தில் இரண்டாவது கியர் கழன்று வருகிறது

ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் கம்பி தானாக நியூட்ரலுக்கு வந்தால் நெஞ்சு நின்றுபோகும், எனக்குக் கோத்தகிரி ரோட்டில் வந்தது. முதலில் என்ஜின், கியர்பெட்டி மவுண்ட் ரப்பர். அது செத்திருந்தால் என்ஜின் குதிக்கும்போது கியரையும் சேர்த்து இழுக்கும். அது சரியென்றால் பெட்டிக்குள் கியரை இடத்தில் பிடித்து வைக்கிற குண்டும் ஸ்பிரிங்கும். அதுவும் சரியென்றால் கியரின் பக்கவாட்டுப் பல் உருண்டுபோயிருக்கிறது, பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். டி.என்.43, அதாவது நீலகிரி நம்பர் வண்டியில் கழற்றிய பெட்டி என்றால் மேல் மூடியைத் திறந்து இரண்டாவது கியரைப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டேன். நம் ஊர் வண்டியில் அதுதான் முதலில் தேயும், சமவெளி வண்டியில் அது புதுசு மாதிரி இருக்கும்.

ஐந்து கியர் போட்டும் ஏற்றத்தில் இழுவை குறைந்துவிட்டது என்றால் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல், அதைச் சுற்றுகிற சின்ன பினியனில் 10 என்றால் 4.1. 43க்கு 8 என்றால் 5.38. மலைக்குப் பெரிய எண். திறக்காமல் தெரிய வேண்டுமா, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில், பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், கியர்பெட்டியிலிருந்து பின்னால் வருகிற ஜாயின்ட் ராடு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் அந்த எண். மாற்றுவதானால் கிரவுனையும் பினியனையும் ஜோடி நம்பர் பார்த்துச் சேர்த்தே வாங்குங்கள், பிரித்தால் ஊளையிடும். நாலு சக்கர இழுவை வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கு.

ஸ்டீயரிங் முனகுகிறது, சார்ஜ் இல்லை

முனகினால் ஆயில் குறைவு அல்லது காற்று. முன்சக்கரத்தைத் தூக்கி இரு பக்கமும் பத்து தடவை திருப்பினால் காற்று போய்விடும். சார்ஜ் நின்றால் டைனமோவைத் திறந்து பாருங்கள், வேக்கம் பம்பின் சீல் போய் எண்ணெய் உள்ளே தெறித்திருக்கும், கார்பன் பிரஷ் நனைந்திருக்கும்.

என்ஜினையே மாற்றினால் அதன் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும், அதற்குக் கடை பில் வேண்டும். பில் தராத கடையில் நான் என்ஜின் வாங்குவதில்லை. மற்ற சாமானுக்கு அதன் போல்ட், பிராக்கெட், பைப் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப் எடுத்தபோது, "பிராக்கெட்டும் வேணுங்களாண்ணா?" என்று கடைப் பையன் கேட்டான். பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று இருநூறு ரூபாயை மிச்சம் பிடித்தேன். பட்டறையில் செய்தது பெல்ட்டைக் கோணலாக இழுத்து மாதம் ஒன்றைத் தின்றது. மறுபடி உக்கடம் போனபோது அந்த வண்டியே கடையில் இல்லை.